மரக்கிண்ணத்துக்கு எந்தப் பூச்சு: அரக்கா, எண்ணெயா, மெலமைனா?

கடைசல் மெஷினில் ஒரு கிண்ணத்தைக் குடைந்து எடுக்கக் கற்றுக்கொள்ள இன்று வழி நிறைய இருக்கிறது. குடைந்து முடித்த பிறகு அதன் மேல் என்ன பூசுவது என்று கேட்டால்தான் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். வீட்டுக் கதவுக்குப் பாலிஷ் போடுகிறவர் மெலமைன் அடித்துவிடுங்கள் என்பார். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்தால் எல்லாரும் எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறார்கள். சன்னப்பட்டணாவிலோ அம்பாசமுத்திரத்திலோ பொம்மையும் சொப்பும் கடைகிறவர்களிடம் போனால் அரக்கைத் தவிர வேறு பேச்சே கிடையாது. மூன்று தரப்பும் அவரவர் செய்கிற பொருளுக்குச் சரியாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் கிண்ணத்தை மரத்திலிருந்து எடுக்கிற விதம் கதவோடும் சேராது சொப்போடும் சேராது, அதனால் அதே பூச்சு இங்கே வேறு மாதிரி நடந்துகொள்ளும். நான் இங்கே பேசுவது அலங்காரக் கிண்ணத்தைப் பற்றி. ஹாலில் வைப்பது, சாவி போடுவது, மிஞ்சிப்போனால் நாலு ஆரஞ்சுப் பழம் அடுக்குவது. சாம்பார் ஊற்றப்போகிறவர்கள் எவர்சில்வர் வாங்கிக்கொள்ளலாம்.

முதலில் மரத்தின் நார். சொப்பு, தொட்டில் கால், பம்பரம் இதெல்லாம் கடையும்போது நார் மெஷினின் அச்சோடு ஒரே திசையில் நீளவாக்கில் ஓடும், சுற்றிலும் எங்கே தொட்டாலும் நாரின் பக்கவாட்டுதான். கிண்ணத்துக்குப் பெரும்பாலும் கனமான பலகைத் துண்டை வட்டமாக அறுத்து மாட்டுகிறோம், அதனால் நார் அச்சுக்குக் குறுக்கே கிடக்கும். ஒரு சுற்றில் இரண்டு இடத்தில் நாரின் பக்கவாட்டு வரும், இரண்டு இடத்தில் நாரின் வெட்டுமுனை வரும். வெட்டுமுனை என்றால் மரத்துக்குள் தண்ணீர் ஏறிய நுண்குழாய்களின் திறந்த வாய். எதைப் பூசினாலும் அந்த இரண்டு இடம் மட்டும் குடித்துக்கொண்டே இருக்கும், மற்ற இடத்தை விடக் கறுத்தும் போகும். உளி மழுங்கியிருந்து நார் பிய்ந்திருந்தால் அதுவும் அங்கேதான் தெரியும். பளபளப்பான பூச்சு அதை மறைக்கும் என்று நினைக்காதீர்கள், இன்னும் நன்றாகக் காட்டிக்கொடுக்கும்.

இரண்டாவது வேகம். 30 செ.மீ. அகலக் கிண்ணத்தை நிமிடத்துக்கு 1000 சுற்றில் ஓடவிட்டால் அதன் விளிம்பு நொடிக்கு 15 மீட்டருக்கு மேல் போகிறது, நடு அடிப்பாகமோ கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கிறது. உராய்வுச் சூட்டை நம்பி வேலை செய்கிற எந்தப் பூச்சுக்கும் இது தலைவலி. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் மேலே சொல்லப்போவது சுலபமாகப் புரியும்.

அரக்குக் கட்டியில் தொடங்குகிறேன், நம் பக்கத்தில் மரபாக வந்தது அதுதான். அரக்கு ஒரு சின்னப் பூச்சியின் கசிவு. புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் அது அப்பிக்கொண்டு பிசினாகக் கட்டும், இந்தியாவில் ஜார்க்கண்டில்தான் அதிகம் எடுக்கிறார்கள். அதைச் சுத்தம் செய்து உருக்கி, நிறம் சேர்த்து, இழுத்துக் குச்சியாக்கிவிடுவார்கள். சன்னப்பட்டணாவில் வெட்பாலை மரத்தைக் கடைந்ததும் அது சுழலும்போதே இந்தக் குச்சியை அழுத்துவார்கள். உராய்வில் அரக்கு இளகி மரத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் தாழை ஓலையை அழுத்திப் பிடித்தால் ஒரே சீராகப் பரவி அந்த மினுமினுப்பு வந்துவிடும். காயவைக்கக் காத்திருக்க வேண்டாம், பிரஷ் வேண்டாம், தூசி ஒட்டும் என்ற பயம் வேண்டாம். கையில் எடுத்தால் முடிந்த பொருள். வேகத்தில் இதை அடிக்க வேறு எதுவும் கிடையாது.

கிண்ணத்தின் வெளிப்பக்கத்தில் இது ஓரளவுக்கு வரும். பத்துப் பன்னிரண்டு செ.மீ. அகலத்துக்குள் இருக்கும் சின்னக் கிண்ணம், நெருக்கமான நார் உள்ள வெள்ளை மரம் என்றால் அழகாகவே வரும். பெரிய கிண்ணத்தின் உட்பக்கம்தான் பிரச்சினை. விளிம்பில் அரக்கு அளவுக்கு மீறிச் சூடாகி இழுபட்டு ஓடும், அதே நேரம் அடியில் சூடே ஏறாமல் திட்டுத் திட்டாக ஒட்டி நிற்கும். வேகத்தைக் கூட்டினால் அடிக்குக் கொஞ்சம் உதவும், ஆனால் அந்த வேகத்தில் 30 செ.மீ. கிண்ணத்துக்கு முன்னால் முகத்தை நீட்டிக்கொண்டு நிற்க எனக்குத் துணிச்சல் இல்லை. இன்னொன்று, நிறம் சேர்த்த அரக்கு மரத்தின் ரேகையை முழுசாக மூடிவிடும். பொம்மைக்கு அது வேண்டும். பூவரசின் வைரத்தை, அதாவது நடுமரத்தின் கறுத்த கெட்டிப் பகுதியை, தேடிப் பிடித்துக் கடைந்துவிட்டு அதன் மேல் சிவப்பு அரக்கு பூசுவது எனக்கு ஒப்பவில்லை.

கரைத்த அரக்கு வேறு விஷயம். செதில் செதிலாக விற்கும் அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் கரைத்துக்கொள்வது. 100 மில்லிக்கு 24 கிராம் என்பது நடுத்தர அடர்த்தி, முதல் பூச்சுக்கு அதையே பாதியாக நீர்த்துப்போகச் செய்யலாம். மெழுகு நீக்கிய செதில் கிடைத்தால் அதை வாங்குங்கள், கரைசல் தெளிவாக இருக்கும், பின்னால் அதன் மேல் பியூ (பாலியூரித்தேன்) மாதிரி வேறு பூச்சு போட நினைத்தாலும் ஒட்டும். இந்தக் கரைசலோடு கொஞ்சம் எண்ணெய் கலந்து, மெஷின் ஓடும்போதே தாளில் நனைத்துத் தேய்த்துச் சூடாக்கிப் பளபளப்பாக்கும் முறை ஒன்று இருக்கிறது. பேனா, கைப்பிடி மாதிரி ஒல்லியான பொருளுக்கு அருமையாக வரும், பெரிய கிண்ணத்தில் அரக்குக் கட்டிக்கு ஏற்பட்ட அதே கதிதான், வளையம் வளையமாகத் தெரியும்.

கிண்ணத்துக்கு நான் சொல்வது மெஷினை நிறுத்திவிட்டுப் பூசுவது. கிண்ணம் சக்கிலேயே (மெஷினில் அதைக் கவ்விப் பிடிக்கும் பிடி) இருக்கட்டும், கையால் மெல்லச் சுற்றிக்கொண்டு, பஞ்சை உள்ளே வைத்து மடித்த பருத்தித் துணியால் மெலிதாக ஒரு பூச்சு. சில நிமிடத்தில் தொடும் பதத்துக்குக் காய்ந்துவிடும், ஒரு மணி நேரத்தில் அடுத்தது. ஒவ்வொரு பூச்சும் கீழே இருப்பதைக் கொஞ்சம் கரைத்து அதோடு ஒன்றாகிவிடுவதால் அடுக்கு அடுக்காகப் பிரியாது. வெட்டுமுனை குடிக்கிற பிரச்சினைக்கும் இதுதான் நல்ல மருந்து. நீர்த்த அரக்கை அந்த இரண்டு இடத்தில் மட்டும் முதலில் இரண்டு முறை கொடுத்து வாயடைத்துவிட்டால் பிறகு போடுவது எங்கும் ஒரே சீராக நிற்கும். ஐந்து வருஷம் கழித்துக் கீறல் விழுந்தால்கூட ஸ்பிரிட் நனைத்த துணியால் நாலு இழுப்பு இழுத்தால் போதும்.

குறை என்னவென்றால், அரக்குக்குச் சாராயமும் ஆகாது சூடும் ஆகாது. 75 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கிவிடும், சூடான டம்ளரை வைத்தால் வெள்ளை வளையம் நிச்சயம், வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போனாலும் ஆபத்துதான். சென்னை மாதிரி கடலோர ஊரில் ஐப்பசி கார்த்திகை மழையில் பூசினால் இன்னொரு தொல்லை. ஸ்பிரிட் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அங்கே படியும், பூச்சு பால் மாதிரி மங்கிவிடும். வெயில் வந்த நாளில் வைத்துக்கொள்ளுங்கள். கரைத்து வைத்த பாட்டிலில் தேதி எழுதி ஒட்டுவதும் அவசியம், ஆறு மாதத்துக்கு மேல் போன கரைசல் எத்தனை நாளானாலும் பிசுபிசுப்பாகவே இருக்கும்.

அடுத்து எண்ணெய். இங்கேதான் குழப்பம் அதிகம், அதனால் கொஞ்சம் நின்று பேசலாம். வீட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெயைத் தடவினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. தடவலாம், அன்றைக்கு அழகாகவே இருக்கும். ஆனால் தேங்காய் எண்ணெய் ஒருநாளும் காயாது. காற்றில் இருக்கும் ஆக்ஸிஜனோடு சேர்ந்து இறுகிப் பிசினாக மாறுகிற எண்ணெய்தான் பூச்சாக நிற்கும், அதற்கு எண்ணெயில் இரட்டைப் பிணைப்புகள் நிறைய வேண்டும். அதை அளக்க அயோடின் எண் என்று ஒரு கணக்கு இருக்கிறது. தேங்காய் எண்ணெய்க்கு அது பத்துக்குக் கீழே அல்லது அதை ஒட்டி, நல்லெண்ணெய்க்கு நூற்றுச் சொச்சம், ஆளிவிதை எண்ணெய்க்கு 170க்கு மேல். நடுவில் இருக்கும் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும்தான் மோசமான தேர்வு, முழுசாகக் காய்வதும் இல்லை, சும்மா கிடப்பதும் இல்லை, கொஞ்ச நாளில் ஒட்டிக்கொண்டு காறல் வாடை அடிக்கும். பலகாரம் சுட வைத்திருப்பதைக் கிண்ணத்துக்குக் கொடுக்காதீர்கள்.

ஆக நிஜமான போட்டி ஆளிவிதை எண்ணெய்க்கும் துங் எண்ணெய்க்கும்தான். ஆளிவிதை மலிவு, லின்சீட் ஆயில் என்று கேட்டால் பெயின்ட் கடையிலேயே கிடைக்கும். எதுவும் சேர்க்காத பச்சை எண்ணெய் காய நாள் கணக்கில், சிலசமயம் வாரக் கணக்கில் ஆகும். டபுள் பாயில்ட் என்று எழுதியதில் பெரும்பாலும் கோபால்ட், மாங்கனீசு உப்புகள் சேர்த்திருப்பார்கள், ஒரு நாளில் காயும். மரத்துக்குச் சூடான பொன்னிறம் கொடுக்கும், நாளாக நாளாக மஞ்சள் கூடிக்கொண்டே போகும், வெட்பாலை, மா மாதிரி வெளிறிய மரத்தில் அது பளிச்சென்று தெரியும். தண்ணீரைத் தடுப்பதில் சுமார்தான். துங் எண்ணெய் சீனத்து மரம் ஒன்றின் கொட்டையிலிருந்து வருவது, மஞ்சளாவது குறைவு, தண்ணீரைத் தாங்குவதில் ஆளிவிதையை விட ஒரு படி மேல். விலையும் மேல், முழுசாக இறுக ஒரு மாதம் ஆகும். வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். துங் ஆயில் ஃபினிஷ் என்று பெரிய எழுத்தில் போட்டு விற்பதில் துங் எண்ணெய் துளிகூட இல்லாத வார்னிஷ் கலவைகளும் இருக்கின்றன. கொட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் வீட்டுக்குக் கொடுக்கிறீர்கள் என்றால் துங் எண்ணெய், வால்நட் எண்ணெய் இரண்டையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

எண்ணெயின் பலம் அது மரத்தோடு சேர்ந்து அசைவதுதான். கிண்ணம் எப்போதும் கொஞ்சம் அசையும். மரம் சுருங்கும்போது ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில், வளையத்துக்குக் குறுக்கான திசையை விட ஏறத்தாழ இரண்டு மடங்கு சுருங்கும், அதனால் வட்டமாகக் கடைந்தது காய்ந்ததும் நீள்வட்டமாகும். இதற்காகத்தான் பச்சை மரத்தை முதலில் சுவர் கனமாகக் கடைந்து, 30 செ.மீ. கிண்ணத்துக்கு 3 செ.மீ. சுவர் என்கிற கணக்கில் விட்டு, எடை குறைவது நிற்கும்வரை காயவைத்து, மறுபடி மாட்டி முடிக்கிறார்கள். சிலர் அந்தக் கோணலே அழகு என்று பச்சையிலேயே மெல்லிசாகக் கடைந்து விட்டுவிடுவார்கள். அப்படிச் செய்த கிண்ணத்துக்கு எண்ணெயைத் தவிர வேறு எதையும் நான் சொல்லமாட்டேன், மேலே படலமாகப் படிகிற பூச்சு அந்த அசைவில் வெடிக்கும், உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் கொப்பளிக்கும்.

பூசும் விதம் எளிது. நிறையத் தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டு, மிச்சத்தை ஒட்டத் துடைத்துவிட வேண்டும். துடைக்கிற இந்த வேலையில்தான் பலர் சோம்பல்படுகிறார்கள், மேலே தங்கிய எண்ணெய் ஈ பிடிக்கிற காகிதம் மாதிரி ஒட்டும். ஒரு நாள் விட்டு அடுத்த பூச்சு, மழைக்காலத்தில் இரண்டு நாள், மொத்தம் நாலைந்து பூச்சு. வெட்டுமுனை இங்கே கறுக்கத்தான் செய்யும். பூவரசு, வாகை மாதிரி ஏற்கெனவே கறுத்த மரத்தில் அது ஒரு அழகு, வெளிறிய மரத்தில் அழுக்கு போலத் தெரியும்.

எண்ணெய் துடைத்த துணி விஷயத்தை யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எண்ணெய் இறுகும்போது சூடு வெளியேறும். துணியைக் கசக்கிக் குப்பையில் போட்டால் அந்தச் சூடு போக இடமில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். 1991 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடம் எரிந்தது, மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். மரவேலைக்கு ஆளிவிதை எண்ணெய் துடைத்துப் போட்ட துணிதான் தொடக்கம். துணியைக் கொடியில் ஒற்றையாக விரித்துக் காயப்போடுங்கள், இல்லை தண்ணீர் வாளியில் முக்கிவிடுங்கள்.

துணி என்றதும் இன்னொன்று. ஓடுகிற மெஷினில் எந்தப் பூச்சைத் தேய்ப்பதானாலும் டிஷ்யூ பேப்பர்தான், துணி கூடவே கூடாது. பேப்பர் மாட்டினால் கிழிந்துவிடும், துணி மாட்டினால் விரலையும் இழுத்துக்கொண்டுதான் போகும்.

இப்போது மெலமைனும் பியூவும். மெலமைன் நம் ஊரில் எந்தப் பாலிஷ்காரரிடமும் இருக்கும், இரண்டு டப்பா, கலந்தால் சில மணி நேரத்துக்குள் அடித்து முடிக்க வேண்டும். உறுதியைப் பொறுத்தவரை அரக்கும் எண்ணெயும் இதன் பக்கத்தில்கூட வரமுடியாது. சூடு, தண்ணீர், கீறல் எல்லாவற்றையும் தாங்கும். ஒரு ஹோட்டல் வரவேற்பறைக்குப் பத்துக் கிண்ணம் ஒரே மாதிரி வேண்டும், ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் தினமும் ஈரத்துணியால் துடைப்பார்கள் என்றால் நானும் இதைத்தான் சொல்வேன், அங்கே போய் துங் எண்ணெயின் பெருமை பேசிப் பயனில்லை. பியூ இன்னும் ஒரு படி மேல், கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும்.

ஆனால் கிண்ணத்தின் வடிவம் ஸ்பிரே துப்பாக்கிக்கு எதிரி. உள்ளே அடிக்கும் காற்று அடியில் மோதித் திரும்பி வந்து பூச்சைச் சொரசொரப்பாக்கும், கொஞ்சம் கூடுதலாக அடித்தால் நடுவில் குளம் கட்டும். ஈரம் சரியாகக் காயாத மரத்தில் அடித்தால் மாதங்கள் கழித்து எங்காவது ஒரு மயிரிழை வெடிப்பு விழும், அதன் வழியே தண்ணீர் போய் வெள்ளைத் திட்டு பரவும், பிறகு மொத்தத்தையும் தேய்த்து எடுத்துவிட்டு முதலிலிருந்துதான். மெலமைனில் ஃபார்மால்டிஹைடு ஆவியும் வரும், இரண்டு டப்பா பியூவில் வரும் ஐசோசயனேட் நுரையீரலுக்கு அதைவிட மோசம். துணி மாஸ்க் எதற்கும் உதவாது, கார்ட்ரிட்ஜ் மாஸ்க் போட்டு வெளிக்காற்றில் நின்று அடிக்க வேண்டும். இத்தனையும் செய்து முடித்த பிறகு கையில் எடுத்தால் மரத்தைத் தொடுகிற உணர்வு கிடைக்காது. இது என் ருசி, உங்களுக்கு அந்தக் கண்ணாடிப் பளபளப்பு பிடித்தால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

தேன்மெழுகை ஏன் விட்டுவிட்டேன் என்று கேட்பீர்கள். தனியாகப் பூச அது போதாது, 62 டிகிரியில் உருகும், விரல்ரேகை எல்லாம் பிடிக்கும். அரக்குக்கு மேலேயோ காய்ந்த எண்ணெய்க்கு மேலேயோ கடைசியாக ஒரு கை தேய்த்தால் நல்ல மென்மை வரும், அவ்வளவுதான்.

மரத்தைப் பொறுத்தும் முடிவு மாறும். பூவரசு கிடைத்தால் விடாதீர்கள், இதே மரத்திலும் நம் புன்னை மரத்திலும் ஹவாய்த் தீவுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கிண்ணம் செதுக்கினார்கள், அங்கே பூவரசுக்கு மீலோ என்று பெயர். இதன் வைரத்துக்குத் துங் எண்ணெய், மேலே மெழுகு. தூங்குமூஞ்சி மரம் ரோட்டோரத்தில் சாய்ந்தால் நேராக விறகுக்கடைக்குத்தான் போகிறது. காயும்போது அதிகம் கோணாது என்பதால் பச்சையிலேயே கடைய ஏற்ற மரம் அது, இதற்கும் எண்ணெய்தான். மாமரம் வெளிறியது, வெட்டுமுனை நிறையக் குடிக்கும், இதற்குக் கரைத்த அரக்கு. அதன் தூசு சிலருக்கு அரிப்பைக் கொடுக்கும், முந்திரிக் குடும்பத்து மரம் ஆயிற்றே. வெட்பாலைச் சின்னக் கிண்ணத்துக்கு அரக்குக் கட்டி. தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப்பசை இருப்பதால் மேலே தடவும் எண்ணெய் காய மறுக்கும், மெழுகு நீக்கிய அரக்கை ஒரு பூச்சு கொடுத்துவிட்டு மேலே எது வேண்டுமானாலும் போடலாம்.

எதைப் பூசினாலும் முன்னால் உப்புத்தாள் வேலை ஒன்றுதான்: 120, 180, 240, 320. ஒவ்வொரு நம்பர் முடிந்ததும் மெஷினை நிறுத்தி நார் ஓடும் திசையில் கையால் ஒருமுறை தேய்த்தால்தான் வட்டக் கீறல் போகும். மெலமைனுக்கு 240 போதும். எண்ணெய்க்கு 400 வரை போங்கள், ஈரத்துணியால் ஒற்றி, எழும்பி நிற்கும் நாரைக் காய்ந்ததும் மறுபடி தேய்த்துவிடுங்கள். வேகத்தில் அழுத்தித் தேய்த்துச் சூடேற்றினால் வெட்டுமுனையில் நுண்வெடிப்பு விழும், அதற்கு எந்த டப்பாவிலும் மருந்தில்லை.

அடிப்பாகத்தை யாரும் பார்க்கப்போவதில்லை என்று வெறுமனே விட்டுவிடுவது பலருக்கு வழக்கம். மா, ரப்பர் மரம் மாதிரி மாவுச்சத்துள்ள மரங்களில் துளைக்கும் வண்டு பூச்சில்லாத மரத்தின் நுண்துளைகளில்தான் முட்டையிடும். கிண்ணத்தைச் சக்கிலிருந்து கழற்றி, அடியைச் சீவி முடித்ததும், மேலே என்ன பூசினீர்களோ அதையே அங்கேயும் இரண்டு முறை கொடுத்துவிடுங்கள். முன்பே உள்ளே புகுந்துவிட்ட வண்டுக்கு இது பலிக்காது, மேஜையில் மாவு கொட்டத் தொடங்கினால் அந்தக் கிண்ணத்தை மற்றவற்றோடு வைக்காமல் உடனே தனியாக எடுத்து வையுங்கள்.